நூறு கிலோவில் அரைக் கடுகு

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து ரிப்போர்ட்டில் கையெழுத்து என்னுடையது. பதினோரு வருஷமாக இலையை அரைத்து, குலுக்கி, வடித்து, மெஷினுக்கு ஊட்டி, அதில் எவ்வளவு பூச்சிமருந்து என்று நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான். கடைசியில் மேனேஜர் வரதராஜன் சார் பேனாவைத் திறந்து கோழி கிளறின மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். இனிமேல் அந்த இடத்தில் சந்திரகலா என்று இருக்கும். காலையில் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நாலும் நாலு மாதிரி வந்தது.

லேபுக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிப் போனேன். டப்பாவை மிக்ஸி ஜார் வைக்கிற அலமாரித் தட்டில் வைத்துத் தொலைத்தேன். சாயந்திரத்துக்குள் எறும்பு ஊர்வலம் கிளம்பிவிட்டது. எதிர்க்கடையில் எறும்பு சாக்பீஸ் வாங்கி வந்து தட்டைச் சுற்றிக் கட்டம் கட்டினேன். ஹீலியம் சிலிண்டர் மாற்றினேன். மெஷினுக்குள் சுருண்டு கிடக்கிற முப்பது மீட்டர் குழாயின் நுனியைக் கொஞ்சம் வெட்டி மறுபடி மாட்டினேன். அம்மாவுக்குப் போன் செய்ய மறந்துபோச்சு.

ஜூன் 4, செவ்வாய்

இன்று முதலில் வந்தது கருவேப்பிலை. லேபைக் கூட்டித் துடைக்கிற பாப்பாத்தி அக்கா எட்டு மணிக்கு கேட்டைத் திறக்க வந்தபோதே, ஈரத்துணியில் சுற்றின இலைக்கட்டோடு ஓர் அம்மா நின்றிருந்தாராம். பெயர் துளசிமணி. காரமடைக்கு அந்தப் பக்கம் கரட்டுப்புதூர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். இலை வாடிவிடுமே என்ற பயம்.

அந்த ஊரில் இருபத்து மூன்று குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து மூன்று வருஷமாகப் பூச்சிமருந்தே தொடாமல் கருவேப்பிலை போடுகிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று மொத்த இலையையும் எடுத்துக்கொள்கிறது. கம்பெனி போட்டிருக்கிற நிபந்தனை, கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் எந்த மருந்தும் தெரியக் கூடாது. அது எவ்வளவு என்று துளசிமணி கேட்டார். நூறு கிலோ இலையில் அரைக் கடுகு இருந்தால் எவ்வளவோ அவ்வளவு என்றேன். அரைக் கடுகு கூட இருக்காது, பாருங்கள் என்று சிரித்துவிட்டுப் போனார்.

முதலில் வந்ததால் ஒன்றாம் நம்பர் போட்டு முதலிலேயே அரைத்தேன். நாளைக்கு மெஷினில் ஏறும்.

ஜூன் 5, புதன்

மாட்டிக்கொண்டது.

இலையின் சொந்தச் சரக்கு வந்து அடங்கினதும், இருபத்தெட்டாவது நிமிஷம் வரை திரையில் கோடு தேமே என்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு தலை, இரண்டு தலை, மூன்று, நாலு. சைபர்மெத்ரின் என்ற மருந்து இப்படித்தான் நாலு தலையோடு எழும்பும். வேறு எதோடும் குழப்ப முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கிலோவுக்கு 0.06. நான் கையெழுத்துப் போடப்போகிற முதல் பெரிய ரிப்போர்ட்டில் இப்படி ஒரு பிடி.

பிளாங்க் சுத்தமாக இருந்தது. இலை இல்லாமல் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர் பிளாங்க்; அதில் ஒன்றும் இல்லையென்றால் குறை நம் பக்கம் இல்லை. இரண்டு தடவை ஓட்டினேன், இரண்டு தடவையும் துடைத்து விட்ட மாதிரி இருந்தது.

கையெழுத்துப் போட்டேன். நன்றாகவே வந்தது.

ஜூன் 7, வெள்ளி

துளசிமணி வந்து ஒரு மணி நேரம் சண்டை. சண்டை என்று சொல்லக் கூடாது, அவர் குரலே உயரவில்லை. எனக்குத்தான் உயர்ந்தது. கோபமெல்லாம் இல்லை.

மூன்று வருஷமாக ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை, பக்கத்துத் தோட்டத்துக் காற்று கூட வராமல் வேலியோரம் அகத்தி வைத்திருக்கிறோம் என்றார். சரி, மெஷின் முன்னால் உட்கார வைத்து விளக்கினேன். இலையில் இருக்கிற சரக்கெல்லாம் ஆவியாகி இந்தக் குழாய்க்குள் ஒன்றாகத்தான் ஏறும். ஒரே பஸ்ஸில் ஏறின ஆட்கள் அவரவர் ஸ்டாப்பில் இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றும் அதனதன் நிமிஷத்தில் வெளியே வரும். இருபத்தெட்டாவது நிமிஷம் இறங்குகிற ஆள் சைபர்மெத்ரின், வேறு யாரும் அந்த ஸ்டாப்பில் இறங்க மாட்டார்கள். பொறுமையாகத்தான் சொன்னேன். கடைசியில், மெஷின் பொய் சொல்லாதும்மா என்றேன்.

அவர் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் பொய் சொல்றேன்னு அர்த்தமுங்களா மேடம்?"

மறுபடியும் சாம்பிள் கொண்டுவாருங்கள் என்றேன். கம்பெனி மூன்று தடவை விடுமாம். மூன்றாவதும் தேறாவிட்டால் ஒப்பந்தம் போச்சு. இரண்டாவது பதினொன்றாம் தேதி, மூன்றாவது இருபத்தேழு.

இருபத்து மூன்று குடும்பத்தில் யாரோ ஒருத்தர் திருட்டுத்தனமாக அடித்திருப்பார், இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 11, செவ்வாய்

முதல் பஸ். ஒன்றாம் நம்பர். இந்தத் தடவை இருபத்து மூன்று தோட்டத்திலும் தானே நின்று பறித்ததாகச் சொன்னார்.

ஜூன் 12, புதன்

0.05. நாலு தலையும் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

போனில் நம்பரைச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். இருக்கறேனுங்க என்றார். அப்புறம் வைத்துவிட்டார்.

ஜூன் 13, வியாழன்

இரவு சரியாகத் தூங்கவில்லை. புழுக்கம் அதிகம். சாயந்திரம் சாரல் அடித்துக்கொண்டே இருந்ததால் துணி காயவில்லை.

ஜூன் 17, திங்கள்

அடேங்கப்பா, என்ன ஒரு நாள்.

ஜூலையில் லேபை ஆய்வு செய்ய ஆட்கள் வருகிறார்கள் என்று பதிவேட்டைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். உலகத்திலேயே சலிப்பான வேலை. இந்த மாதம் சைபர்மெத்ரின் வந்த சாம்பிள்களைச் சிவப்பில் வட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். மொத்தம் நாலு. கருவேப்பிலை இரண்டு தடவை, திருப்பூர்ப் பக்கத்து முருங்கை இலை ஒன்று, எள் ஒன்று. வட்டம் போட்டதும் கண்ணில் பட்டது. நாலுமே ஒன்றாம் நம்பர். நாலுமே அந்தந்த நாள் முதலில் அரைத்த சாம்பிள். மற்ற நாட்களில் முதலில் அரைத்தவை வேறு சோதனைக்குப் போனவை, அவற்றில் மருந்து பார்க்கவே இல்லை.

பேனாவைக் கீழே வைத்தேன். மருந்துக்கு வரிசை எண் தெரியுமா? இரண்டாம் நம்பரில் ஏன் இல்லை, ஆறாம் நம்பரில் ஏன் இல்லை? போன மாதத்தைப் புரட்டினேன். ஒன்றாம் நம்பரெல்லாம் சுத்தம். அதற்கு முந்தின மாதமும் சுத்தம். அப்படியானால் இந்த மாதம் தொடங்கினதிலிருந்து லேபில் ஏதோ மாறியிருக்கிறது.

கரைப்பான் பாட்டில் பழையதுதான். குழாய் பழையது, நுனிதான் வெட்டினேன். சிலிண்டர் மாற்றினேன், ஆனால் வாயுவில் இருந்தால் பிளாங்க்கில் வந்திருக்கும். பிளாங்க்கில் வராமல் இலையில் மட்டும் வருகிறது, அதுவும் முதல் இலையில் மட்டும். முதல் இலை எதையெல்லாம் தொடுகிறது, பிளாங்க் எதையெல்லாம் தொடுவதில்லை? தன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாப்பாத்தி அக்கா சாவியை ஆட்டினார், வேறு வழியில்லாமல் கிளம்பினேன். ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. என் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

வேறு ஏதாவது மாறினதா? ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எங்கள் வீட்டுக் கருவேப்பிலை மரத்திலிருந்து ஒரு பை நிறையப் பறித்துப் போனேன். அந்த மரத்துக்கு அரிசி கழுவின தண்ணீரும் புளித்த மோரும் தவிர நான் எதையும் காட்டியதில்லை. மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

காலையில் போனதும் முதல் வேலையாக அதை ஒன்றாம் நம்பராக அரைத்தேன். ஜாரைக் கழுவி, அதே மரத்து இலையை இரண்டாம் நம்பராக அரைத்தேன். மறுபடி கழுவி மூன்றாம் நம்பர். எல்லாம் ஒரே கிளையில் பறித்தவை. மெஷினில் ஏற்றிவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாரும் கூப்பிட்டார்கள், போகவில்லை.

இருபத்தெட்டாவது நிமிஷம். ஒரு தலை. இரண்டு, மூன்று, நாலு. என் வீட்டு மரம், மோர் குடிக்கிற மரம், கிலோவுக்கு 0.06 சைபர்மெத்ரின்.

இரண்டாம் நம்பரில் வந்தும் வராத ஒரு சின்ன மேடு. மூன்றாம் நம்பரில் ஒன்றும் இல்லை.

நான் கத்தின கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கு விளக்கவும் பொறுமை இல்லை. ஜார்தான். மிக்ஸி ஜார். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்துவிட்டு முதல் ஆளுக்கு மட்டும் விஷத்தைக் கொடுக்கிறது. ஒரு தடவை கழுவினால் போய்விடுகிறது. பிளாங்க்கை நாங்கள் ஜாரில் போடுவதே இல்லை. வெறும் கரைப்பானில் அரைக்க என்ன இருக்கிறது என்று நேராகச் சோதனைக் குழாயில் ஊற்றிவிடுவோம். இத்தனை வருஷமாக எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

துளசிமணி பொய் சொல்லவில்லை. முதல் பஸ்ஸில் வந்ததுதான் அந்த அம்மா செய்த ஒரே தப்பு. பத்து மணிக்கு மெதுவாக வந்திருந்தால் தப்பித்திருப்பார்.

சந்தோஷமாக இருக்கிறது. இப்படி எழுதக் கூடாதுதான், ஆனால் இருக்கிறது. நாளைக்கு ஜாருக்குள் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

பிடித்தாயிற்று. அலமாரித் தட்டில் யாரோ எறும்பு சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார்கள். தினமும் சாயந்திரம் ஜாரைக் கழுவித் தண்ணீர் வடிவதற்காக, வீட்டில் எல்லாரும் செய்கிற மாதிரியே கவிழ்த்து வைப்போம். ஜாரின் வாய் நேராகக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக் கோட்டில் வட்டமாக அச்சே பதிந்திருந்தது. அந்தப் பொடியை ஊசிமுனை அளவு எடுத்து ஓட்டினேன். நாலு தலையும் திரையைத் தாண்டிப் போனது.

வரதராஜன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, நல்ல வேலை செய்தாய் கலா என்றார். அலமாரியைத் துடைக்கிறது பாப்பாத்திதானே என்றும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். துடைக்கிறது அவர்தான், அது உண்மைதான்.

பழைய ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினால் ஆய்வுக்கு வருகிறவர்கள் அதை மட்டும்தான் பார்ப்பார்கள் என்கிறார். இருபத்தேழாம் தேதி மூன்றாவது சாம்பிளைப் புது ஜாரில் அரைத்தால் சுத்தமாக வந்துவிடும், கம்பெனிக்கும் திருப்தி, அந்த ஊர்க்காரர்களுக்கும் திருப்தி, யாருக்கும் நஷ்டமில்லை என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

பாப்பாத்தி அக்காவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 21, வெள்ளி

யாரோ இல்லை. நான். மூன்றாம் தேதிப் பக்கத்தில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். நேற்று சாயந்திரம் பாப்பாத்தி அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கட்டம் கட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

காலையில் நேராக சார் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். கோடு போட்டது நான், மைசூர்பா டப்பாவை அங்கே வைத்தது நான், நாலு ரிப்போர்ட்டிலும் கையெழுத்து நான். நாலுக்கும் வாபஸ் கடிதம் அடித்துக்கொண்டு போயிருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். ஜூலை வரைக்கும் பொறுக்க முடியாதா என்றார். முடியாது சார் என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஆய்வு முடிகிற வரைக்கும் ரிப்போர்ட் கையெழுத்து தன்னிடமே இருக்கட்டும் என்றார். பதினெட்டு நாள் ஆண்டிருக்கிறேன். போகட்டும்.

வெளியே வந்து துளசிமணிக்குப் போன் போட்டேன். தப்பு எங்கள் பக்கம் என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை, அவர் குறுக்கே பேசினார். இரண்டு தடவை தேறாமல் போனதும் ஊரில் எல்லாருக்கும் மனசு விட்டுப்போச்சாம். அடிக்காமலே அடித்ததாகப் பெயர் வாங்குகிறோம், பூச்சி வேறு தின்கிறது, அடித்துவிட்டே பெயர் வாங்கலாம் என்று ஒன்பது பேர் மருந்து வாங்கி வைத்துவிட்டார்களாம். நாலு நாள் சாரல் இன்றைக்குத்தான் விட்டிருக்கிறது. சென்னியப்பன் என்பவர் விடிந்ததுமே முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நீங்கள் போய்த் தடுங்கள் என்றேன்.

"மூணு வருசமா அடிக்காதீங்கன்னு சொல்லிட்டிருக்கறவ நானுங்க. இனி நான் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க வந்து சொல்லுங்க மேடம்."

ஸ்கூட்டியை எடுத்தேன். மேட்டுப்பாளையம் ரோடு எப்போது காலியாக இருந்திருக்கிறது? லாரிக்கும் லாரிக்கும் நடுவில் நுழைந்து போனேன். கவுண்டம்பாளையம் பாலத்தடியில் ஒருத்தன் வாய்க்கு வந்தபடி திட்டினான். நானும் திருப்பித் திட்டினேன், நிற்கவில்லை. பயமாகவும் இருந்தது, எங்கிருந்தோ ஒரு வேகமும் வந்தது. இத்தனை வருஷத்தில் என் நம்பர் ஒன்று ஒரு மனுஷனின் முதுகில் டேங்க்கைக் கட்டிவிடும் என்று நான் நினைத்ததே இல்லை. நம்பர் காகிதத்தோடு போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

காரமடை தாண்டி வழி தெரியாமல் இரண்டு இடத்தில் கேட்டு, கரட்டுப்புதூர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. இலை கட்டுகிற கொட்டகை முன்னால் இருபது பேர் நின்றிருந்தார்கள். துளசிமணி எப்படியோ அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறார். வாசலில் மருந்து டப்பாக்கள் வரிசையாக இருந்தன, ஒன்றுமே உடைக்காதவை. எனக்கு உயிர் வந்தது.

ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது. துளசிமணிதான் கையைக் காட்டிக் கழற்றச் சொன்னார்.

"அந்த மருந்து உங்க இலையில இல்லீங்க. எங்க மிக்ஸி ஜார்ல இருந்துச்சு. எறும்புக்குன்னு நான் போட்ட சாக்பீஸ் கோட்டுல இருந்து ஜார்ல ஒட்டியிருக்கு. ரெண்டு ரிப்போர்ட்டும் தப்பு. தப்பு என்னோடது."

ஒருத்தர் எறும்புக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொருத்தர் சிரித்தார், அவர் சம்சாரம் அவரை முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். துளசிமணி என்னைப் பார்க்கவே இல்லை. கொட்டகைக்குள் போய் என் இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கண்ணாடித் தாள் உறையில் போட்டு, மடிப்பு விழாமல் வைத்திருக்கிறார். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம்தான் வாய் திறந்தார், என்னிடம் இல்லை, மற்றவர்களிடம். டப்பாவை எல்லாம் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள் என்றார். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சென்னியப்பன் தோட்டத்திலிருந்து வந்தார். அறுபது வயசு இருக்கும். முதுகில் டேங்க் காலி. யாரோ அவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் டேங்க்கை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றார்.

"உங்க காகிதத்தை நம்பித்தானுங்க அம்மிணி அடிச்சேன்."

அரை ஏக்கர். விடிகாலையிலிருந்து அடித்திருக்கிறார். என்ன மருந்து என்று கேட்டேன். டப்பாவைக் காட்டினார். சைபர்மெத்ரின்.

ஜூன் 22, சனி

பாப்பாத்தி அக்கா வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். திங்கட்கிழமை வரச் சொல்லி சார் சொன்னதைச் சொன்னேன். வருகிறேன், ஆனால் அந்த அலமாரியை இனி நீங்கள்தான் துடைக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

மூன்று நாளாக ஓட்டமோ ஓட்டம். பழைய ஜாரைத் தூக்கிப் போட்டாயிற்று. புது ஜார்கள் மூடி போட்ட டப்பாவுக்குள் இருக்கின்றன. அரைப்பதற்கு முன்னால் ஜாரைக் கரைப்பானில் அலசி அந்த அலசலையும் ஓட்டிப் பார்க்கிறேன். இனி பிளாங்க்கும் ஜார் வழியாகத்தான் போகும். முருங்கைக்காரரும் எள்காரரும் புது சாம்பிள் அனுப்பினார்கள், இரண்டும் சுத்தம். எள்காரர் போனில் பத்து நிமிஷம் விளாசினார். வாங்கிக்கொண்டேன், அது என் பாக்கி.

துளசிமணி போன் செய்தார். மூன்றாவது சாம்பிளை நீங்கள் அரைக்கும்போது நான் பக்கத்தில் நிற்கலாமா என்றார். சுத்தம் என்று நீங்கள் சொன்னால் மட்டும் எப்படி நம்புவது என்றார். பொசுக்கென்று கோபம் வந்தது, உடனே போயும் போச்சு. சரியான கேள்விதான். இதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வாருங்கள், அரைப்பதிலிருந்து கடைசிக் கோடு வரை உட்கார்ந்து பாருங்கள் என்றேன். சாரிடம் அப்புறம்தான் கேட்டேன்.

ஜூன் 27, வியாழன்

முதல் பஸ்ஸில் வந்தார். ஒன்றாம் நம்பரே போட்டேன். வேண்டுமென்றே.

சென்னியப்பன் தோட்டத்தை விட்டுவிட்டு இருபத்து இரண்டு தோட்டத்து இலை. அவர் தோட்டத்தைப் பற்றிக் கம்பெனிக்கு ஊர்க்காரர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஜாரை அலச, துளசிமணி குனிந்து ஜாருக்குள் எட்டிப் பார்த்தார். அரைத்தேன். லேப் முழுக்க கருவேப்பிலை வாசம். குலுக்கி, சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்து, ஊசியில் ஒரு சொட்டு. மெஷின் அதை இழுத்துக்கொண்டபோது மணி மூன்று.

முதல் பத்து நிமிஷம் இலையின் சொந்தச் சரக்கு. கருவேப்பிலை எண்ணெய் மலைமலையாக எழும்பியது. துளசிமணி பயந்துபோய் இது என்ன என்றார். இதுதான் உங்கள் இலையின் வாசனை என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது, திரையைத் தொட்டுப் பார்த்தார்.

இருபது. இருபத்தைந்து. பாப்பாத்தி அக்கா துடைப்பத்தோடு வந்து பின்னால் நின்றார். வரதராஜன் சாரும் கதவருகில் நின்றார், ஏதோ வேலையாக வந்த மாதிரி. இருபத்தேழரை தாண்டியதும் துளசிமணி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. எத்தனையோ ஆயிரம் தடவை இந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை கூட மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்ததில்லை. என் வளையல் சதையில் அழுந்தி வலித்தது, கையை எடுக்கவில்லை.

இருபத்தெட்டு. கோடு போய்க்கொண்டே இருந்தது. இருபத்தெட்டரை. இருபத்தொன்பது. எழும்பவே இல்லை.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதாங்க. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததைப் பாக்கறதுக்கா இத்தனை பாடு," என்று சொன்னவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாப்பாத்தி அக்கா தண்ணீர் கொண்டுவந்தார்.

ரிப்போர்ட்டில் சார் கையெழுத்து. கோழி கிளறல்தான். அதற்கு மேலே பொடி எழுத்தில் சாம்பிள் அரைத்தவர் என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் என் பெயர். இத்தனை வருஷமாக அந்த வரியை யாரும் படித்ததில்லை, நானும் படித்ததில்லை. இன்றைக்கு துளசிமணி விரலை வைத்துப் படித்தார்.

ஜூன் 29, சனி

அரை நாள்தான். கிளம்புகிற நேரத்துக்குச் சென்னியப்பன் வந்தார். ஈரத்துணியில் இலை. தன் தோட்டத்து இலையை ஓட்டிப் பார்க்க முடியுமா, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எப்போது போகும் என்று தெரியும், மற்றவர்களோடு மறுபடி சேர்த்துக்கொள்ளக் கம்பெனி இரண்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறது என்றார். ஸ்கூட்டி சாவியை மேசையில் போட்டுவிட்டு உட்கார வைத்தேன்.

ஜாரை எடுத்தபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், ஜார் கழுவியிருக்கிறதா என்று. கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். போன மாதம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பேன். அவர் கண்ணெதிரிலேயே மறுபடியும் அலசினேன். அலசலை ஓட்டிக் காட்டினேன், சுத்தம். அப்புறம்தான் இலையை அரைத்தேன்.

இருபத்தெட்டாவது நிமிஷம் நாலு தலையும் எழும்பியது. நெட்டநெடு நாலு தலை, இதுவரைக்கும் இலையில் வந்ததெல்லாம் இதன் கால்தூசிக்கு வராது. நம்பரைச் சொன்னேன். 1.8. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது என்னோடதுதானுங்க அம்மிணி."

"பாதிதாங்க. மீதி என்னோடது," என்றேன்.

அவர் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த சனிக்கிழமையும் இலை கொண்டுவரச் சொன்னேன்.